நின்ன எடத்துல ஆடு

எங்கள் தெருவில் பொழுது விடிந்துவிட்டது என்பதை, லாண்டரி அம்மா தன் துவைக்கிற மிஷினைத் திட்டுவதை வைத்துத்தான் தெரிந்துகொள்வோம். நான் எதிரே சாவி வெட்டுகிறவன். கடை என்று பெரிதாகச் சொல்ல முடியாது, ஒரு பெட்டி; ஒரு ஆள் உட்கார்ந்தால் முட்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் லாண்டரியின் உள்பக்கம் முழுக்கத் தெரியும். பார்க்காவிட்டாலும் கேட்கும்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரிப் போர்வை, தலையணை உறை, துண்டு எல்லாம் அங்கேதான் வெளுக்க வரும். மிஷின் இரண்டு. ஒன்று புதிசு, சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றது மூடிப்போன ஓட்டல் ஒன்றிலிருந்து வாங்கிப் போட்டது. அழுக்கு எடுப்பதில் அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தண்ணீரை வடித்துவிட்டுத் துணியைப் பிழிகிற சுற்று வந்தால் போதும், அதற்குக் கால் முளைத்துவிடும். உள்ளே ஈரப் போர்வைகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும், மிஷின் தடதடவென்று ஆடிக்கொண்டே தரையில் நடக்கத் தொடங்கும். அடியில் கட்டை வைத்துப் பார்த்தார்கள், சிமென்ட் பூசிப் பார்த்தார்கள். அது நடப்பதை நிறுத்தவில்லை.

"எங்க கெளம்பிட்ட? உன்னைத்தான் கேக்குறேன். வாசல் வரைக்கும் வந்துட்ட, செருப்பு மாட்டுறதுதான் பாக்கி" என்பார் லாண்டரி அம்மா. குரல் கனமானது. சோப்பு நீராவியிலேயே இத்தனை காலம் பேசிப் பேசி ஓரத்தில் ஒரு கீறல் விழுந்த குரல்.

அந்தத் திட்டில் பாதி மிஷினுக்கு இல்லை என்பது தெருவுக்கே தெரியும். அது மாப்பிள்ளைக்கு.

மாப்பிள்ளையை நாங்களும் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவோம். லிஃப்ட் மெக்கானிக். லாண்டரி அம்மாவின் மகள் ஒரு ஓட்டலுக்கு வெள்ளை மூட்டைகளோடு போனபோது லிஃப்ட் நடுவில் நின்றுவிட, கதவைத் திறந்துவிட வந்தவன். திறக்க நேரமானதாம். அந்த நேரத்தில் வெளியிலிருந்து அவளுக்குப் பயம் தெரியாமல் இருக்கட்டும் என்று பாட்டுப் பாடினானாம். "கதவைத் திறக்கத் தெரியாதவன்தான் பாட்டுப் பாடுவான்" என்று லாண்டரி அம்மா அப்போதே சொன்னார். ஆனாலும் கல்யாணம் நடந்தது. பிறகு அவன் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடினார்கள். இரண்டு பெட்டியும் ஒரு கம்ப்யூட்டருமாக இருவரும் லாண்டரி வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அவன் லாண்டரி வேனை ஓட்டினான்.

மாமியார் அவனிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மரியாதையாகவும் பேசியதில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான் போகும். அவன் எதிரிலேயே நிற்பான், "அவர் சாப்பிட்டாரான்னு கேளு" என்பார். மனசில் இருப்பதை மட்டும் மிஷினிடம் சொல்வார். "எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குறதுக்கு மட்டும் நீ வேணும். ஒரு வேலை சொன்னா ஒன்பது சத்தம்." மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகும் மாப்பிள்ளையின் காது சிவக்கும். என் பெட்டியிலிருந்தே தெரியும்.

அவனுடைய கம்ப்யூட்டர் வெள்ளை ரூமில் இருந்தது. வெளுத்து மடித்த விரிப்புகளைக் கூரை வரை அடுக்கி வைக்கிற அறை அது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் வராது, உள்ளே பேசுவதும் எதிரொலிக்காது. பாட்டுப் பதிவு செய்ய அதைவிட நல்ல இடம் கிடைக்காது என்பான். அவன் போடுவது ஹிப் ஹாப். மூச்சு விடாமல் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போகிற பாட்டு. வெட்டுவேன், குத்துவேன், என் பேரைச் சொன்னா தெரு நடுங்கும் என்று பாடுவான். ஒரு கரப்பான் பூச்சியைக்கூட மிதிக்க மாட்டான். வேகவைத்த முட்டையை உரித்துக்கொண்டே மகள் ஒரு நாள் கேட்டாள்: "ஏங்க, இதுல நீங்க யாரை வெட்டுறீங்க? தெரிஞ்சா நான் போய் அவங்ககிட்ட முன்னாடியே மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுவேன்."

அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்களில் பெரும்பாலோர் சொந்தக்காரர்கள்.

அந்த வருஷம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஓட்டல்கள் நிரம்பியிருந்தன, ஆஸ்பத்திரியும் நிரம்பியிருந்தது. காயப்போட வழியில்லை. உலர்த்துகிற மிஷின் இரவும் பகலும் ஓடி, தெரு முழுக்கச் சோப்பும் ஈரப் பருத்தியும் கலந்த வாடை. என் பெட்டிக்குள் சாவிகள் துருப்பிடித்தன. இஸ்திரி போடுகிறவள் ஈரம் போகாத விரிப்புகளை அழுத்தி அழுத்தித் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளை நெட்டை என்று கூப்பிடுவோம். லாண்டரிக் கதவில் குனியாமல் நுழைய முடியாத உயரம். நாற்பதை நெருங்கியவள், தனியாள், யாரிடமும் சிரித்துப் பேசுகிறவள்.

ஒரு மத்தியானம் பழைய மிஷின் வழக்கத்தைவிட மோசமாக நடந்தது. குழாயைப் பிடுங்கிக்கொண்டு நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. நெட்டை ஓடிப்போய் இரண்டு உள்ளங்கையாலும் அதன் தலையை அழுத்திப் பிடித்தாள். மிஷின் ஆடியது, அவளும் சேர்ந்து ஆடினாள். குதிகாலிலிருந்து கழுத்துவரை அவள் உடம்பு நடுங்க, பாதம் மட்டும் தரையில் ஊன்றியிருந்தது. மாப்பிள்ளை அப்போதுதான் வேனிலிருந்து இறங்கினான். அன்றைக்கு அவன் தாமதம். வேறு ஊரில் லிஃப்ட் வேலை ஒன்றுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அது மகளுக்கு மட்டும் தெரியும். மாமியாருக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் தெரியாமல் இருக்கவில்லை.

மிஷின் எந்தக் காலில் சாய்கிறது என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாமென்று அவன் போனை நீட்டிப் பதிவு செய்தான். லிஃப்ட் வேலையில் வந்த பழக்கம். அதே நேரத்தில் லாண்டரி அம்மா ஆரம்பித்தார்.

"ஆடு. வேணாம்னு யாரு சொன்னா? ஆடுறதுன்னா நின்ன எடத்துல ஆடு. ஊரைச் சுத்திப் பாக்கவா உன்னைக் கொண்டாந்து வச்சேன்? காலு எங்க இருக்கோ அங்கேயே இருக்கட்டும். நின்ன எடத்துல ஆடு."

மாப்பிள்ளை போனைப் பையில் போட்டுக்கொண்டு குழாயை மாட்டினான்.

பாட்டு பிறந்த விதத்தை மகள் பிற்பாடு எனக்குச் சொன்னாள். சாய்கிற காலைக் கண்டுபிடிக்க அவன் பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். கேட்கக் கேட்கக் கால் ஆட ஆரம்பித்திருக்கிறது. தட தட தடுக், தட தட தடுக். மூன்றாவது அடி கொஞ்சம் பிந்தி விழும், நொண்டுகிறவன் படியேறுகிற மாதிரி. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒழுங்காக வெட்டி, ஒவ்வொரு அடியும் அதனதன் இடத்தில் விழும்படி சீர்செய்தான். அவளைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தான். அவள் மடித்த தலையணை உறைகளை இடுப்பில் அணைத்தபடி நின்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா இது நம்ம மிஷின் இல்ல. புது மிஷின்."

"சுத்தம் பண்ணியிருக்கேன்."

"அது நொண்டுறதை நிறுத்திட்டீங்க. அதான் உயிரு போயிடுச்சு."

அவன் பழையபடி நொண்ட விட்டான். அதற்கு அடியில் கனமாக ஒரு தாளத்தை ஓட விட்டான். மேலே மாமியாரின் குரல், அந்தக் கீறலோடு அப்படியே: ஆடுறதுன்னா நின்ன எடத்துல ஆடு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். வெட்டுகிற குத்துகிற வார்த்தைகள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அவன் போட்டுப் பார்த்தான், எல்லாம் வழுக்கி விழுந்தன. பல நாள் மத்தியானங்கள் அந்த வெள்ளை அறையில் உட்கார்ந்து, கடைசியில் மிஷினே பதில் சொல்வதுபோல் எழுதினான்:

நாலு காலும் நாலு உசரம், நானா கேட்டு வாங்கினேன்?
நீ சொருகின கட்டை மேலதான் இத்தனை நாளும் தாங்கினேன்.
நடந்து போக ஆசை இல்ல, நிக்கத்தான் எனக்குத் தெரியல,
நீ திட்டுற சத்தம் நின்னுபோனா, வீடு இருக்கிறதே புரியல.

பாடும்போது பழைய முரட்டுக் குரல் வரவில்லை. சொந்தக் குரலே வந்தது.

விரிப்பு எடுக்க வந்த நெட்டை கதவில் குனிந்தபடியே நின்றுவிட்டாள். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இல்லாத மிஷினின் தலையை அழுத்துவதுபோல் வைத்துக்கொண்டாள். குதிகாலில் தொடங்கிய நடுக்கம் முட்டிக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது, தோளில் ஏறி முகவாயில் முடிந்தது. பாதம் அசையவில்லை.

"அக்கா, இன்னொரு தடவை ஆடுங்க" என்று போனை எடுத்தான் மாப்பிள்ளை.

"என் மூஞ்சி தெரிஞ்சா பரவாயில்ல தம்பி. பின்னாடி அந்த இஸ்திரி மேசை தெரியக் கூடாது, மேல விரிச்ச துணி பூரா ஒரே தீஞ்ச கறை."

எல்லாம் முடிந்த பிறகு மகள் கேட்டாள்: "அம்மாகிட்ட கேட்க வேணாமா?"

"கேட்டா வேணாம்னுடுவாங்க."

"அப்ப அதுக்கு வேணாம்னுதானே அர்த்தம்?"

அவன் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். "யாரு கேக்கப்போறா? உங்க சித்தப்பா, எங்க பெரியம்மா. அவ்வளவுதான்."

பாட்டையும் நெட்டையின் ஆட்டத்தையும் இன்டர்நெட்டில் விட்டார்கள்.

முதலில் அதை ஓட்டல் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்டுக்குள் ஆட இடமிருக்காது, அதற்கு ஏற்ற ஆட்டம். லிஃப்டில் ஆடிப் படம் எடுத்துப் போட்டார்கள். பிறகு பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறவர்கள். பிறகு கல்லாவுக்குப் பின்னால் நின்றே நாளைக் கழிக்கிற கடைப் பெண்கள். ஒரு கட்டடத்தின் உச்சியில் சாரத்தில் நின்றபடி வர்ணம் பூசுகிற நாலு பேர் ஆடினதை யாரோ கீழிருந்து எடுத்திருந்தார்கள். கை கால் வீசி ஆட முடியாத இடத்தில் நிற்கிறவர்கள் ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. என் பெட்டிக்குள் நானும் ஆடிப் பார்த்தேன். முட்டி இடித்தது, ஆனால் ஆட முடிந்தது. சாவி வெட்ட வருகிறவன் எல்லாம் காத்திருக்கிற நேரத்தில் கையை நீட்டித் தோளைக் குலுக்கினான்.

லாண்டரி அம்மாவிடம் பட்டன் வைத்த பழைய போன்தான் இருந்தது. தெருவில் யாருக்கும் அவரிடம் வாயைத் திறக்கத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில்தான் விஷயம் உடைந்தது. நெட்டையும் அவரும் போர்வை வண்டியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். நர்ஸ் பெண்கள் நெட்டையைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு, "அக்கா, நீங்கதானே, ஒரு தடவை ஆடிக் காட்டுங்க" என்று சூழ்ந்துகொண்டார்கள். நெட்டைக்கு வியர்த்துவிட்டது. அதற்குள் ஒருத்தி போனில் பாட்டைப் போட்டாள். தாழ்வாரத்தில் லாண்டரி அம்மாவின் குரல் கேட்டது. லாண்டரி அம்மா வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார்.

"முழுசாக்கூடக் கேக்கல" என்றாள் நெட்டை என்னிடம். "அவங்க குரல் வந்ததும் வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க."

மறுநாள் காலை பழைய மிஷின் பிழியத் தொடங்கியது. நடந்தது. கதவில் போய் இடித்தது. யாரும் அதைத் திட்டவில்லை. பக்கத்து ரொட்டிக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். நானும் பார்த்தேன். ஏதோ வீட்டில் ஆள் போனது போல இருந்தது. என்னவென்று கேட்கலாமென்று ரோட்டைத் தாண்டிப் போனேன். போனபோது மூன்று பேரும் கூடத்தில்தான் இருந்தார்கள். அம்மாவும் மகளும் ஒரு பெரிய விரிப்பை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மடித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கதவோரம் நின்றான்.

"அவர்கிட்ட கேளு" என்றார் லாண்டரி அம்மா. "நான் பாட்டுக்காரியான்னு கேளு."

"அம்மா, அவரு இங்கதான் நிக்கிறாரு."

"நான் திட்டுறது என் வீட்டுக்குள்ள. என் மிஷினை. அது ஊருக்கு இல்ல. ஆஸ்பத்திரி தாழ்வாரத்துல என் தொண்டையை எடுத்து வெளையாடுறாங்க. நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட அங்க போர்வை எடுக்கப் போவேன்னு கேளு."

மகள் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அவன் போனை எடுத்து ஏதோ அழுத்தினான். கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு திரையை மாமியார் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"பாட்டை எடுத்துட்டேன் அத்தை. கேக்காம போட்டது தப்பு."

அவர் திரையைப் பார்க்கவில்லை. அதே போன் அவன் கையில் மணியடித்தது. பெரிய அரங்கு ஒன்றில் பாடக் கூப்பிட்டிருந்தவர்கள் என்று மகள் பிறகு சொன்னாள். தேதி குறிக்கத்தான் பேசினார்களாம். "இல்லைங்க" என்றான் அவன். "அந்தப் பாட்டு இப்ப இல்ல. எடுத்தாச்சு. ஆமாங்க, நிஜமாத்தான்." வைத்துவிட்டான்.

மகளுக்குத் தாங்கவில்லை. "சரிம்மா. இன்னொண்ணும் சொல்லிடுறேன். அவருக்கு வேற ஊர்ல லிஃப்ட் வேலை கெடச்சிருக்கு. மழை விட்டதும் நாங்க போறோம்."

"போங்க. யாரு பிடிச்சு வச்சா?"

விரிப்பின் முனைகளைச் சேர்க்க இருவரும் நெருங்கினார்கள். முனை சேரவில்லை. லாண்டரி அம்மா தப்பான ஓரத்தைப் பிடித்திருந்தார். எத்தனையோ ஆயிரம் விரிப்பு மடித்த கை. பிரித்து, உதறி, முதலிலிருந்து மடித்தார்கள். எனக்கு டீ கொடுக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை, நானும் வந்துவிட்டேன்.

பாட்டை எடுத்துவிட்டால் போய்விடும் என்று அவன் நினைத்தான். ஊர் விடவில்லை. பிரதி வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதோடு வேறொரு கூட்டம் அதே தாளத்தைச் சுட்டு, யாரோ ஒரு பெண்ணைக் கிழவி மாதிரி கத்தவிட்டு, புதிதாக ஒன்றை வெளியிட்டது. ரொட்டிக் கடைக்காரர் விவரம் தெரியாமல் அதைச் சத்தமாகப் போட்டுவிட்டார். லாண்டரி அம்மா வாசலுக்கு வந்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு இவ?"

"தெரியலைங்க."

"நான் இப்படியா கத்துறேன்?"

"இல்லவே இல்லைங்க. உங்க குரலே வேற."

"கோழி மேல கதவைச் சாத்தின மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஆனால் போன வேகத்தில் கோபத்தைவிட வேறு என்னவோ இருந்தது.

இஸ்திரி மேசையில் நெட்டை ஆஸ்பத்திரி விரிப்புகளை அழுத்திக்கொண்டிருந்தாள். "அக்கா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க" என்றாள். "உங்க குரலுக்கு அப்புறம் தம்பி என்ன பாடியிருக்குன்னு கேட்டீங்களா?"

"அதை வேற கேக்கணுமா?"

"என் போன்ல இருக்கு. இஸ்திரி போட்டுக்கிட்டே கேக்குறதுதான். நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

லாண்டரி அம்மா வேலையைப் பார்த்தார். தண்ணீர் தெளித்தார், உறைகளை அடுக்கினார். நாலு காலும் நாலு உசரம் என்ற இடம் வந்தபோது கை நின்றது. பாட்டு முடிந்தது. "இன்னொரு தடவை போடு" என்றார். நெட்டை போட்டாள். இஸ்திரிப் பெட்டியின் ஆவி இருவர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது. "அதனால அக்கா அழுதாங்களா இல்லையான்னு என்னால சத்தியம் பண்ண முடியாது" என்றாள் நெட்டை பிறகு என்னிடம்.

அன்று மத்தியானம் நான் வெள்ளை ரூம் கதவடியில் மண்டி போட்டிருந்தேன். மழையில் மரம் ஊதி, பூட்டு இறுகிப் போயிருந்தது. கழற்றி அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை உள்ளே கம்ப்யூட்டரின் ஒயர்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தான். லாண்டரி அம்மா என்னைத் தாண்டி உள்ளே போனார். மகளைக் கூப்பிடுவார் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை.

"அந்த மிஷின் பேசுற மாதிரி பாடினது யாரை?"

மாப்பிள்ளை ஒயரோடு எழுந்து நின்றுவிட்டான். "என்னைத்தான் அத்தை."

"தெரியும். நான் திட்டினதும் யாரைன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அத்தை."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?"

"நேரா திட்டியிருந்தா பதில் சொல்லியிருப்பேன். மிஷினைத் திட்டுனா நான் என்ன சொல்றது?"

லாண்டரி அம்மா ஒரு விரிப்புக் கட்டின் மேல் உட்கார்ந்தார். வெளுத்த துணியின் மேல் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எனக்கு நேரா பேசிப் பழக்கம் விட்டுப்போச்சு" என்றார். "என் பொண்ணோட அப்பா போனப்பறம் இந்த வீட்டுல நான் பேசினதெல்லாம் மிஷின்கிட்டதான். அவ பள்ளிக்கூடம் போயிடுவா. கோவம் வந்தாலும் அதுகிட்ட, சந்தோஷம் வந்தாலும் அதுகிட்ட. அது நடந்து வரும்போது யாரோ கூப்பிட்டதுக்கு வர்ற மாதிரி இருக்கும். அதை வந்து ஊருக்குப் போட்டுக் காட்டிட்டீங்க."

அவன் தலை குனிந்து நின்றான்.

"வேலைக்குப் போறதுன்னா போங்க. நல்ல வேலைன்னா நான் குறுக்க நிக்கல. ஆனா பாட்டை விட்டதுக்கு நான் காரணம்னு மனசுல வச்சுக்கிட்டுப் போகாதீங்க. அது ரெண்டு பேருக்கும் நல்லதில்ல." தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அதோட அன்னிக்கு எனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. மழை. குரல் சரியா வரல. அவ யாரோ கத்துறா, அதைத்தான் நான்னு ஊரு நெனைக்கும். மறுபடி எடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் அரத்தைக் கீழே வைத்தேன்.

உடனே ஒயர்களைப் பிரித்தான். மகளும் நெட்டையும் ஓடி வந்தார்கள். மைக்கை அம்மாவின் முன்னால் வைத்து, "சொல்லுங்க அத்தை" என்றான். லாண்டரி அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைச் செருமினார். வங்கியில் மேனேஜரிடம் பேசுகிற குரலில், "ஆடுவதானால் நின்ற இடத்திலேயே ஆடவும்" என்றார்.

சிரிக்கக் கூடாதென்று எல்லாரும் உதட்டைக் கடித்தோம். மறுபடி எடுத்தார்கள். அடுத்தது இன்னும் மரியாதையாக வந்தது. "எனக்கு சும்மா திட்ட வரல" என்றார் பாவமாக. "என்ன பண்ணினான்னு தெரியணும்ல?"

மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ஓட்டலின் கனத்த மெத்தை உறைகளை எல்லாம் ஈரத்தோடு பழைய மிஷினின் ஒரே பக்கமாகத் திணித்து, பிழிகிற சுற்றைப் போட்டுவிட்டாள். மைக்கின் ஒயரைக் கூடம் வரை இழுத்தார்கள். மிஷின் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஆரம்பித்தது. அப்படி ஒரு நடையை நான் பார்த்ததே இல்லை. தடுக்கப் போன நெட்டையை அது பக்கவாட்டில் தள்ளிவிட்டு, அப்போதுதான் மடித்து அடுக்கியிருந்த வெள்ளைத் துண்டுகளின் மேல் போய் மோதியது. அடுக்கு முழுவதும் சோப்புத் தண்ணீரில் சரிந்தது.

லாண்டரி அம்மா மைக்கை மறந்தார், எங்களை மறந்தார். வந்தது பாருங்கள் ஒரு திட்டு. நின்ன எடத்துல ஆடு என்பதை அவர் மூன்று விதமாகச் சொன்னார், ஒன்றைவிட ஒன்று உறைப்பாக. நடுவில் சொன்ன சிலதைப் பாட்டில் சேர்க்க முடியவில்லை. மாப்பிள்ளை காதில் மாட்டிய ஹெட்போனைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றான். அவன் முகம் அப்படி விரிந்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

துண்டுகளை எல்லாரும் சேர்ந்து திரும்பத் துவைத்தோம். நானும் பிழிந்தேன்.

பாட்டு இரண்டாம் முறை வெளியே போனது. இந்தத் தடவை அம்மாவைக் கேட்டு, குரல் லாண்டரி அம்மா, ஆட்டம் நெட்டை என்று போட்டு வெளியிட்டார்கள். திருட்டுப் பாட்டு இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மழை விட்டதும் போவதாகச் சொன்னவர்கள் போகவில்லை. லிஃப்ட் கம்பெனிக்கு அவனே போய், வரவில்லை என்று நேரில் சொல்லிவிட்டு வந்தான். வேறு ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள். வேன் ஓட்டத் தனியாக ஒரு ஆளை வைத்தார்கள். நெட்டை வாரத்தில் ஒரு நாள் இஸ்திரியை விட்டுவிட்டு ஆட்டம் சொல்லிக்கொடுக்கப் போனாள். போகுமிடத்தில் எல்லாம் கதவின் உயரத்தை முதலில் கேட்டுக்கொள்வாள்.

பழையபடி மகள் வழியாகப் பேசுவதும் முற்றாக நின்றுவிடவில்லை. சாம்பல் நிறச் சட்டை மாப்பிள்ளைக்கு நன்றாயில்லை என்பது போன்ற விஷயங்கள் இன்னும் அந்த வழியாகத்தான் போயின. ஆனால் ஒரு நாள் சாப்பிடும்போது அவர் நேராகவே சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போங்க மாப்பிள்ளை. கோவத்துல சொல்லல. உங்களுக்கு ஒரு வீடு வேணும். ஆனா பக்கத்துத் தெருவுக்குப் போங்க, பக்கத்து ஊருக்கு வேணாம்." அப்படியே போனார்கள். பூட்டு நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரு சாவி அம்மாவிடம் இருக்கட்டும் என்றாள் மகள்.

அந்தப் பெரிய அரங்குக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். நிகழ்ச்சி வெயில் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. தெருவுக்கே டிக்கெட் கொடுத்திருந்தான் மாப்பிள்ளை. லாண்டரி அம்மாவுக்கு மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். "அங்க உட்காந்தா எல்லாரும் என்னைப் பாப்பாங்க. நான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு மகளோடு கூட்டத்துக்குள்ளேயே வந்து நின்றார். நான் அவருக்குப் பின்னால். ரொட்டிக் கடைக்காரர் எனக்குப் பின்னால் எங்கேயோ. மூச்சு விட இடமில்லை. கையை இறக்கினால் யாருடைய தோளிலாவது படும். எல்லாம் சின்னவயசுப் பிள்ளைகள். வியர்வையும் ஷாம்பு வாசமும்.

விளக்கு அணைந்தது. அந்த நொண்டித் தாளம் சுவரில் இருந்து வந்தது. மாப்பிள்ளை மேடைக்கு ஓடி வந்தான், நெட்டை அவனுக்குப் பக்கத்தில் மரம் மாதிரி நின்றாள். கூட்டம் அமைதியானது. அந்தக் கனமான குரல் அரங்கின் கூரைவரை எழும்பிச் சொன்னது. எங்களைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் இரண்டு கையையும் நீட்டி, நின்ற இடத்தில் நின்றபடி ஆடத் தொடங்கினார்கள். தரை ஆடியது.

லாண்டரி அம்மா கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். இடமும் வலமும் பார்த்தார். மகள் ஆடிக்கொண்டிருந்தாள். பிறகு அவருடைய கை மெதுவாக எழுந்தது. உள்ளங்கை விரிந்தது. தோள் ஆடியது. வயசுக்கு ஏற்றபடி இல்லை, நன்றாகவே ஆடினார். பின்னாலிருந்து பார்க்க அவர் கொண்டை குலுங்கிக்கொண்டிருந்தது. மேடையில் அவர் குரல் சொல்லச் சொல்ல, இங்கே அவர் உதடும் சேர்ந்து சொன்னது.

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண், காலேஜ் படிக்கிற வயசு, அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகமெல்லாம் வியர்வை, ஒரே சிரிப்பு. காதருகே குனிந்து சத்தமாகக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உங்களுக்கு இந்தப் பாட்டு தெரியுமா?"

லாண்டரி அம்மா ஆட்டத்தை நிறுத்தாமல் பதில் சொன்னார்.

"கொஞ்சம் தெரியும்மா."